மார்க் இல்லாத நோட்டும் கொஞ்சம் கொசுறும்

 

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வாரத்தில் நாம் என்னென்ன வாங்குகிறோம்? டிராஃப்டர், காக்கி யூனிஃபார்ம், கால்குலேட்டர், அப்புறம் ஒரு கட்டு நோட்டு. கிளாஸ் நோட்டு, ரஃப் நோட்டு, அப்சர்வேஷன் நோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே மகாராஜா மாதிரி ரெக்கார்டு நோட்டு! மூன்று வருஷத்தில் நாம் எழுதித் தள்ளும் நோட்டுகளைக் கட்டி எடைக்குப் போட்டால் ஒரு மாச டீ செலவு தாராளமாகத் தேறும்.

ஆனால் ஒரே ஒரு கேள்வி. இத்தனை ஆயிரம் பக்கத்தில், நாமாக, நமக்காக, நம்ம சொந்த வார்த்தையில் எழுதியது எத்தனை பக்கம்? சொல்லுங்க பார்ப்போம்!

கிளாஸ் நோட்டு சார் சொன்னது. அப்சர்வேஷன் போர்டில் இருந்தது. ரெக்கார்டு நோட்டின் கதை ஊருக்கே தெரியும். சீனியர் எழுதியது ஜூனியருக்கு வரும். அந்த சீனியருக்கு அவருடைய சீனியரிடமிருந்து வந்திருக்கும். எய்ம், அப்பரேட்டஸ், ப்ரொசீஜர், ரிசல்ட் என்று பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறிக்கொண்டே இருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை. அது மார்க்குக்கான நோட்டு. மார்க் வாங்கித் தருகிறது. வேலை முடிந்தது.

நான் சொல்ல வருவது இன்னொரு நோட்டைப் பற்றி. அதற்கு மார்க் கிடையாது. சாரின் சிவப்பு மை கையெழுத்து கிடையாது. லாஸ்ட் டேட் கிடையாது. ராத்திரி படுக்கப்போவதற்கு முன்னால் பத்து வரி. இன்றைக்கு என்ன நடந்தது, என்ன பார்த்தேன், எது புரிந்தது, எது புரியவில்லை, எவ்வளவு செலவு. அவ்வளவுதான். நாட்குறிப்பு என்று பெரிய பெயர் வைக்கலாம், டயரி என்றும் சொல்லலாம். நான் 'நம்ம நோட்டு' என்றே சொல்கிறேன்.

"இதனால என்னடா லாபம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதை எழுதினால் அரியர் எல்லாம் பறந்துவிடும், கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்துவிடும் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் காய்கறிக் கடையில் அரைக் கிலோ தக்காளி வாங்கினால் கேட்காமலேயே ஒரு கொத்து கறிவேப்பிலை போடுகிறார்களே, கொசுறு என்று! அந்த மாதிரி, நாம் எதிர்பார்க்காத சின்னச் சின்ன லாபங்கள் இந்த நோட்டில் வந்து விழும். இரண்டு வருஷமாக எழுதி வருகிறேன். எனக்கு விழுந்த கொசுறுகளைத்தான் இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கொசுறு: வைவாவில் வாய் திறந்தது

நம்மில் பாதிப் பேர் பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே வந்து புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் இங்கிலீஷ். புரியாததையும் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால் வைவாவில் எக்ஸ்டெர்னல் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தொண்டை அடைத்துக்கொள்கிறது. காரணம் என்ன? ப்ரொசீஜர் இங்கிலீஷில் இருக்கிறது. "ஏன்" என்பது எந்த மொழியிலும் நம்மிடம் இல்லை.

என் நோட்டில் லேத் லேப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அன்றைக்கு எங்கள் பேட்ச் ஃபேசிங் செய்தது. முகப்பு முழுக்கப் பளபளவென்று வந்துவிட்டது, ஆனால் நட்ட நடுவில் கடுகு மாதிரி ஒரு குமிழ் மட்டும் போகவே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் சார் வந்து பார்த்தார். "டூல் முனை சென்டருக்குக் கீழே இருக்குப்பா. முந்தின பேட்ச் மாட்டினது அப்படியே இருக்கு. அடியில தகடு வச்சுத் தூக்கு" என்றார். ஒரு தகடு வைத்து டூல் முனையை சென்டர் உயரத்துக்குக் கொண்டுவந்ததும் குமிழ் மறைந்துபோனது. இதை அன்று ராத்திரி என் பாஷையில் எழுதினேன்: "ஜாப் சுத்துற மையமும் டூல் முனையும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் நடு வரைக்கும் சீவும். கீழே இருந்தால் மையத்தைத் தொடாமலே அடியில் தாண்டிப் போய்விடும். மிச்சம்தான் குமிழ்."

பிராக்டிகல் பரீட்சையில் எக்ஸ்டெர்னல் கேட்டது டேப்பர் டர்னிங் ஃபார்முலா இல்லை. "டூலை சென்டர் ஹைட்ல வைக்கணும்னு போட்டிருக்கியே, வைக்கலேன்னா என்னப்பா ஆகும்?" என்றுதான் கேட்டார். பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார்.

மார்க்குக்காக எழுதிய ரெக்கார்டு அன்று மேசையில் கிடந்தது. மார்க் இல்லாத நோட்டுதான் பதில் சொன்னது. ஒரு விஷயத்தைச் சொந்த வார்த்தையில் எழுதும்போதுதான் அது நமக்குப் புரிந்ததா இல்லையா என்பது நமக்கே தெரிகிறது. புரியாவிட்டால் வாக்கியம் நடுவழியில் நின்றுவிடும். அப்போது அடுத்த நாள் சாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். "சார், ஒண்ணுமே புரியல" என்று கேட்பதற்கும், "சார், இந்த இடம் புரியல" என்று கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

இதே நோட்டில் லேபில் உள்ள மெஷின்களின் குணமும் எழுதியிருக்கிறேன். எந்த வெர்னியரில் ஜீரோ எரர், எந்த லேத்தில் பெல்ட் நழுவும், எந்த வைஸின் தாடை தேய்ந்து போயிருக்கிறது என்றெல்லாம். இன்று எங்கள் பேட்ச் பையன்கள் லேபுக்குள் போகும் முன் "டேய், அந்த நோட்டைக் காட்டு" என்று கேட்கிறார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற கம்ப்யூட்டர் வேலை செய்யாமல் நின்றது. பிரித்துப் பார்த்தால் ஒரு ரிலேவுக்குள் ஒரு விட்டில்பூச்சி! அங்கே வேலை பார்த்தவர்கள் அந்தப் பூச்சியை எடுத்து, அன்றைய தினக்குறிப்பு நோட்டிலேயே டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே பூச்சி ஒன்று பிடிபட்டது இதுதான் முதல் தடவை என்று வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். மெஷின் கோளாறுக்கு 'பக்', அதாவது பூச்சி, என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அதனால்தான் அந்த வேடிக்கை. அந்தப் பக்கம் இன்றைக்கும் அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் பூச்சியோடு பத்திரமாக இருக்கிறது. வேலை நடந்த அன்றே எழுதியதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது கொசுறு: அம்மாவின் தவணை

என் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். அப்பா கொத்தனார், கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் வீட்டில் எழுத்து என்றால் என்ன தெரியுமா? ரேஷன் கார்டு, கரண்ட் கார்டு, மளிகைக் கடை பாக்கி நோட்டு, குழுக் கடன் அட்டை. எல்லாமே அடுத்தவர் கையெழுத்து! எங்களைப் பற்றி, எங்கள் காசைப் பற்றி, அடுத்தவர்கள் எழுதி வைத்தது. நாங்களாக எழுதியது ஒரு வரி கிடையாது.

நான் நோட்டு எழுத ஆரம்பித்தபோது செலவையும் கூடவே எழுதினேன். அந்தப் பக்கத்தில் அம்மாவின் வாரத் தவணையும் சேர்ந்துகொண்டது. "தம்பி, இன்னிக்கு தவணை கட்டிட்டேன், எழுதிக்கோ" என்பார். எழுதுவேன்; தேதி, தொகை, யார் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கட்டினார் என்பது உட்பட.

ஒரு முறை வசூலுக்கு வந்தவர் ஒரு வாரம் கட்டவில்லை என்று சொன்னார். அட்டையில் அந்தக் கட்டம் காலி. அம்மாவுக்குக் கட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நினைவை யார் நம்புவார்கள்? பத்து பெண்கள் நடுவில் அம்மா தலை குனிந்து நிற்க வேண்டிய நிலை. நான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேதி, தொகை, இடம், அன்று உடன் இருந்தவர்கள் எல்லாம் இருந்தது. உடன் இருந்த அக்காவும் "ஆமா, அன்னைக்கு நான்தான் சில்லறை குடுத்தேன்" என்றார். அவர் தன் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அட்டையில் விட்டுப்போன கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். 850 ரூபாய்தான். ஆனால் அம்மா எப்படித் தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்து வந்தார் என்பதை நான் பார்த்தேன். அதற்கு விலை போட முடியாது. எழுத்து இருக்கிற பக்கம்தான் கணக்கு சாயும்; அந்த எழுத்து ஏன் எப்போதும் அடுத்தவர் கையிலேயே இருக்க வேண்டும்?

மூன்றாவது கொசுறு: அப்பாவின் பாடம்

லேபில் கேட்ட புதுச் சொற்களை எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, பக்கத்தில் தமிழில் என்ன என்று எழுதும் பழக்கம் எனக்கு. 'பர்' என்றால் பிசிறு. 'ஃபைல்' என்றால் அரம். 'ஸ்பிரிட் லெவல்' என்று எழுதிவிட்டு, தமிழில் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் படுத்திருந்த அப்பா, "அது ரசமட்டம்டா. என் பையில இருக்கே, நீ பார்த்ததில்லையா?" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. 'பிளம்ப் பாப்' தூக்குக்குண்டு. 'ட்ரை ஸ்கொயர்' மூலைமட்டம். ஃபிட்டிங் லேபில் நாம் ட்ரை ஸ்கொயரை வைத்து 90 டிகிரி பார்க்கிறோமே, கட்டடத்துக்கு அஸ்திவாரம் குறிக்கும்போது அவ்வளவு பெரிய மூலையை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "மூலையிலேருந்து ஒரு பக்கம் மூணடி குறி. இன்னொரு பக்கம் நாலடி குறி. ரெண்டுக்கும் குறுக்கே அளந்தா அஞ்சடி வரணும். வந்தா மூலை சரி. வரலேன்னா கயிறைத் தள்ளிக் கட்டு" என்றார்.

மூன்றின் வர்க்கம் 9, நான்கின் வர்க்கம் 16, கூட்டினால் 25. அது ஐந்தின் வர்க்கம். பள்ளிக்கூடத்திலேயே பிதாகரஸ் தேற்றம் என்று படித்துவிட்டோம். ஆனால் அதை வைத்து இத்தனை வருஷமாக வீடு கட்டிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்! நோட்டில் சொல் எழுதப் போகாவிட்டால் இது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று பழமொழி சொல்வார்கள். அது கடைச் சரக்கான ஏட்டுக்குப் பொருந்தலாம். நம்ம நோட்டில் இருப்பது நம்ம வீட்டுக் கொடியில் காய்த்த சுரைக்காய், கறிக்கும் உதவும்!

அதற்கப்புறம் அப்பா ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, நான் இதுவரைக்கும் எத்தனை வீடு கட்டியிருப்பேன்னு கணக்கு எழுத முடியுமா?" ஊர் ஊராக, தெருத் தெருவாக, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. சித்தாளாக இருந்தபோது தொட்ட வேலையில் இருந்து ஆரம்பித்து, 63 வீடுகள், 2 பள்ளிக்கூடக் கட்டடங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தக் கட்டடங்களில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கட்டிய என் அப்பாவின் பெயர் எங்கேயும் இல்லை. இப்போது ஓர் இடத்தில் இருக்கிறது. 192 பக்க லாங் சைஸ் நோட்டில், என் கோணல் கையெழுத்தில்.

புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1736-இல் எழுத ஆரம்பித்து 1761-இல் இறக்கும் வரை, இடையிடையே விட்டுப்போனாலும், ஏறத்தாழ 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை, கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று எல்லாவற்றையும் அன்றைய பேச்சு நடையிலேயே எழுதினார். இன்று அந்தக் காலத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் அவருடைய குறிப்பைப் புரட்டாமல் எழுத முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்திருக்கிறது.

அவர் பெரிய வியாபாரி, செல்வாக்குள்ளவர். எழுத்து அவர் கைவசம் இருந்தது, எழுதினார், நின்றது. எழுத்து கைவசம் இல்லாத நம் பாட்டன் பூட்டன்மார் எங்கே போனார்கள்? யாரோ ஒருவர் கணக்கில் "கூலி இவ்வளவு" என்று ஒரே வரியாக முடிந்துபோனார்கள். இன்று நம் கைக்கு எழுத்து வந்திருக்கிறது. நம் வீட்டில் இந்தப் பேனாவைப் பிடிக்கும் முதல் கை நம்முடைய கை. அதைப் பரீட்சைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூடி வைப்பது என்ன நியாயம்?

நான்காவது கொசுறு: மனசு லேசாகும்

இது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம்ம வயசில் கோபம் வரும், பயம் வரும், சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். வீட்டில் சொன்னால் "படிக்கிற பையனுக்கு என்ன கவலை?" என்பார்கள். நண்பனிடம் சொன்னால் கலாய்ப்பான். நோட்டு கலாய்க்காது. அறிவுரையும் சொல்லாது. இரண்டு பக்கம் எழுதி முடித்தால், பூதம் மாதிரி இருந்த பிரச்சினை பல்லி மாதிரி ஆகிவிடும்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராமிரெஸ், பெய்லாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரீட்சைக்குச் சற்று முன் 10 நிமிடம், தங்கள் பயத்தைப் பற்றியே தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்பது அதன் சாரம். எல்லோருக்கும் எப்போதும் அப்படியே பலிக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் செலவு என்ன? ஒரு தாள், கொஞ்சம் மை. பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்று "டேய், இந்த கொஸ்டின் வருமா, அந்த கொஸ்டின் வருமா" என்று ஒருவரை ஒருவர் பயமுறுத்திக்கொள்வதைவிட இது மேல் அல்லவா?

கொல்லர் மகனும் கும்பகோணத்துக்காரரும்

நோட்டு எழுதியதால் எதிர்பாராமல் வாழ்க்கையே மாறிய கதைகளும் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பெரிய படிப்பு கிடையாது. 14 வயதில் லண்டனில் ஒரு புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்க அவருக்கு டிக்கெட் கிடைத்தது. கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, கற்ற தொழிலை வைத்துத் தானே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பி வைத்தார். 1813-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். நம் எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் படிக்கும் ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதற்கப்புறமும் அவர் நோட்டை விடவில்லை. தன் சோதனைக் குறிப்புகளுக்குப் பத்தி பத்தியாக நம்பர் போட்டு எழுதினார். அந்த நம்பர் 16,000-ஐத் தாண்டிப் போயிற்று!

நம் ராமானுஜனும் அப்படித்தான். கணக்கு தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் கல்லூரிப் படிப்பு முடியவில்லை. தாள் விலை கட்டாது என்று ஸ்லேட்டில் போட்டுப் பார்த்து, விடையை மட்டும் நோட்டில் எழுதினார். 1910-இல் வேலை தேடித் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரைப் பார்க்கப் போனபோது, காட்டுவதற்கு அவரிடம் இருந்தவை அந்த நோட்டுகள்தான். ராமசுவாமி ஐயர் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர். நோட்டின் அருமை அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து ஒருவர் கை மாற்றி ஒருவராக, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா வேலை, அப்புறம் கேம்பிரிட்ஜ். சர்டிபிகேட் இல்லாத இடத்தில் நோட்டு பேசியது!

நாமெல்லாம் ஃபாரடே ஆகிவிடுவோம், ராமானுஜன் ஆகிவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மேதைகள். ஆனால் மேதைகளுக்கே நோட்டு தேவைப்பட்டது என்றால், நமக்கு வேண்டாமா?

சில கேள்விகள், சில பதில்கள்

"நேரம் எங்கேப்பா இருக்கு?" பஸ்ஸில் ஒரு மணி நேரம், வீட்டு வேலை, சிலருக்கு சாயங்காலம் பார்ட் டைம் வேலை. உண்மைதான். ஆனால் பத்து வரிக்குப் பத்து நிமிஷம். படுக்கையில் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நேரத்தில் கால்வாசி கூட இல்லை. ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிப் போகாது. அடுத்த நாள் தேதி போட்டு எழுதுங்கள்.

"போன்லயே எழுதலாமே?" தாராளமாக எழுதலாம். எதில் எழுதுகிறோம் என்பதைவிட எழுதுகிறோமா என்பதுதான் முக்கியம். ஆனால் போனைத் திறந்தால் எழுத வந்தவன் ரீல்ஸில் போய் விழுகிறான். வொர்க்ஷாப்புக்குள் எண்ணெய்க் கையோடு போனைத் தொடவும் முடியாது. போன் தொலைந்தால், உடைந்தால் எழுதியதும் அதோடு போகும். நோட்டுக்கு சார்ஜ் போட வேண்டாம். இன்னொன்று, என் அப்பா என் போனைத் தொட மாட்டார். நோட்டை எடுத்துத் தடவிப் பார்ப்பார்.

"தமிழ் சரியா வராதே, இங்கிலீஷும் வராதே?" யாருக்கு மார்க் போடப்போகிறார்கள்? கலந்து எழுதுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியதும் பல பாஷைச் சொற்கள் கலந்த தமிழ்தான். நாளாக ஆக எழுத்து தானே திருந்தும்.

"யாராவது எடுத்துப் படிச்சிட்டா?" இதுதான் நிஜமான சிக்கல். முக்கியமாகத் தோழியர்களுக்கு. தனி அறையும் பூட்டு போட்ட அலமாரியும் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? ஹாஸ்டலிலும் அதே கதிதான். ஆகவே மறைக்க வேண்டியதை எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. லேப், செலவு, புதுச் சொல், பார்த்த காட்சி என்று எழுதினாலே மேலே சொன்ன கொசுறில் பெரும்பாலும் கிடைத்துவிடும். எழுதியே தீர வேண்டும் என்றால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்திலேயே எழுதிவைத்தார். நாமும் நமக்கென்று ஒன்றைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன? அதே போல நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்தவர் நோட்டை அனுமதியில்லாமல் பிரிப்பது வேடிக்கை அல்ல. அது திருட்டு.

முடிவாக...

தோழர்களே! நாளை நாம் கம்பெனிக்குப் போவோம். அங்கேயும் நம்மைப் பற்றி அடுத்தவர்கள் எழுதுவார்கள். அட்டெண்டன்ஸ் அவர்கள் கையில், ஓவர்டைம் கணக்கு அவர்கள் கையில், அப்ரைசல் அவர்கள் கையில். அதெல்லாம் இருக்கட்டும். நம்ம பக்கக் கணக்கு என்று ஒன்று நம்ம கையிலும் இருக்க வேண்டுமா, வேண்டாமா? எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம், எந்த மெஷினில் என்ன கற்றுக்கொண்டோம், யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை நாமே எழுதி வைக்கும் பழக்கம் இப்போதே வரட்டும். அங்கே போய் ஆரம்பிக்கலாம் என்றால் அலுப்பில் கை வராது.

இந்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். புது நோட்டுக்குக் காசு இல்லையென்றால், போன செமஸ்டர் நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருக்கும் தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தையுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர் எழுதுங்கள். அதற்குக் கீழே அம்மா பெயர், அப்பா பெயர், அவர்கள் செய்யும் தொழில் எழுதுங்கள். மேலே தேதி போட்டு, இன்றைக்கு நடந்ததைப் பத்து வரி எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலே பத்து வரி தாண்டும்.

மார்க் கிடைக்காது. கொசுறு நிச்சயம்!

— இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்